காக்கைச் சதி

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. கடலில் உப்பு கரைந்து முடிந்து கொஞ்ச நாளே ஆகியிருந்த காலம். அப்போது ஆழித்துறை என்று ஒரு சிறிய நாடு இருந்தது. வடக்கே ஓர் ஆறு, தெற்கே ஒரு மணல்மேடு, கிழக்கே கடல். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம்.

செங்குவளையர் என்பவர் அங்கே அரசர். நல்லவர். வரி குறைவு, போர் கிடையாது, பேச்சும் அதிகம் கிடையாது. ஒரே ஒரு நோன்பு மட்டும் வைத்திருந்தார். முன்னோருக்கென்று நெய்ச்சோற்றில் ஒரு கவளம் பிடித்து அரண்மனை மதில்மேல் வைப்பார். காக்கை வந்து அதைத் தின்ற பிறகுதான் இலையில் உட்காருவார். அவருடைய தகப்பனாரும் பாட்டனாரும் அப்படித்தான் உண்டார்கள்.

அரண்மனைக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. அரசர் உண்ணாமல் அரண்மனைக்குள் யாரும் உண்ணக் கூடாது.

நோன்பும் சட்டமும் தனித்தனியாக இருந்தவரை தொல்லை இல்லை. ஓர் ஆவணி அமாவாசையன்று இரண்டும் சேர்ந்துகொண்டன.

அன்று அரசர் கவளத்தை வைத்து, கா, கா, கா என்று மூன்று முறை அழைத்தார். காக்கை வரவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி அழைத்தார். வரவில்லை. வெயில் சாயும்போது தொண்டை கட்டிய குரலில் இன்னொரு தடவை அழைத்தார். அணில் ஒன்று வந்து கவளத்தைத் தின்றுவிட்டுப் போனது. அணிலை முன்னோர் கணக்கில் சேர்க்க முடியாது என்று புரோகிதர் சொல்லிவிட்டார்.

மறுநாளும் காக்கை இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. இப்படியே ஒன்பது நாள். நீர்ப்பொருள் உணவாகாது என்று ஒரு வழி கண்டுபிடித்து, அரசர் மோரும் இளநீரும் குடித்து உயிரைப் பிடித்து வைத்திருந்தார். காவலர்கள் ஈட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். அமைச்சர்களுக்கு மட்டும் தினமும் உச்சி நேரத்தில் வீட்டில் அவசர வேலை வந்தது. போய்விட்டு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

பசித்திருப்பவருக்கு யோசனை ஓடாது, கோபம் ஓடும். அரசர் ஒற்றர் தலைவரை அழைத்தார்.

ஒற்றர் தலைவரின் பெயர் சாத்தந்தை. முப்பது ஆண்டு அந்தப் பதவியில் இருந்தவர். ஒற்றர் பள்ளியை நடத்தியவரும் அவர்தான். அதில் இருபத்தொரு பேர் படித்தார்கள். எல்லோரும் வளர்ந்தவர்கள், சிலருக்குத் தாடி நரைத்திருந்தது. அந்த நாட்டில் ஒற்றர் வேலைக்கு அவ்வளவு அவசரம் இருந்ததில்லை.

"காக்கைகளை யாரோ தடுக்கிறார்கள். யாரென்று தெரிய வேண்டும்" என்றார் அரசர்.

யாரோ தடுக்கிறார்கள் என்பது அரசருக்கு எப்படித் தெரியும் என்று சாத்தந்தை கேட்கவில்லை. அரசரிடம் அப்படிக் கேட்கும் வழக்கம் இல்லை.

ஆழித்துறை ஒற்றர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர்களை அனுப்ப வேண்டும். மூவரும் ஒரே செய்தியைக் கொண்டுவந்தால் அது உண்மை. நல்ல விதிதான். இன்னொரு விதியும் உண்டு. வெறுங்கையோடு திரும்பும் ஒற்றருக்கு மறுபடி வேலை கிடையாது. அது அவ்வளவு நல்ல விதி அல்ல.

மூவர் போனார்கள். ஒருவர் மருந்து விற்பவராக வேடமிட்டார். ஒருவர் வளையல்காரராக வேடமிட்டார். மூன்றாமவர் ஊமையாக வேடமிட்டார், அதனால் யாரிடமும் எதுவும் கேட்க முடியாமல் திரிந்தார். மாலையில் மூவரும் தனித்தனியாகத் திரும்பினார்கள். மூவரும் ஒரே செய்தி சொன்னார்கள்.

"கடற்கரையில் வலம்புரி என்று ஒரு கருவாட்டுக்காரி. அவளிடம் ஐயாயிரம் காக்கைகள் படையாக இருக்கின்றன. அவற்றுக்குப் பயிற்சி கொடுத்து, ஆற்றுக்கு அக்கரை அரசனுக்காக நடத்துகிறாள்."

மூவர் சொல் ஒத்துவிட்டது. பத்தாம் நாள் காலை வலம்புரியைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். பாடமாக இருக்கட்டும் என்று சாத்தந்தை தம் இருபத்தொரு மாணவர்களையும் அழைத்து வந்து, ஓலையும் எழுத்தாணியுமாக ஒரு பக்கம் உட்கார வைத்தார்.

"உன் தொழில் என்ன?" என்று சாத்தந்தை கேட்டார்.

"கருவாடு போடுகிறேன். நான் வாசலில் நுழைந்தபோதே தெரிந்திருக்குமே ஐயா."

முன்வரிசையில் இருந்த அமைச்சர் மூக்கை விட்டு மேல்துண்டை எடுத்துவிட்டு, மறுபடி வைத்துக்கொண்டார்.

சாத்தந்தை சபையின் நடுவே வந்து நின்றார். "அரசே, மூன்று சான்றுகள். முதல் சான்று. அமாவாசையன்று காக்கைகள் அரண்மனைக்கு வருவதை நிறுத்தின. அதே அமாவாசையன்று இவள் மீன் காயவைக்கும் களத்தைத் திறந்தாள். ஒரே நாள். இது தற்செயலா?"

மாணவர்கள் எழுதினார்கள்: ஒரே நாள்.

"அன்றைக்குத்தான் ஐயா நெத்திலி வந்தது. நெத்திலி வந்தால்தானே களம் திறக்க முடியும்?"

"மீன்மேல் பழி போடுகிறாள். இரண்டாம் சான்று. அரசர் பசியால் மெலிந்தால் யாருக்கு ஆதாயம்? அக்கரை அரசனுக்கு. இவள் கருவாடு எந்தச் சந்தைக்குப் போகிறது? அக்கரைச் சந்தைக்கு."

"எல்லாச் சந்தைக்கும் போகிறது. உங்கள் வீட்டுக்கும் வருகிறது. உங்கள் வீட்டு அம்மாள் பேரம் பேசாமல் வாங்குகிற ஆளும் அல்ல."

மாணவர்கள் இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூன்றாம் சான்று" என்றார் சாத்தந்தை, குரலை உயர்த்தி. "இவள் குடிசையை இரவோடு இரவாக மூன்று முறை சோதித்தோம். ஓலை இல்லை. முத்திரை இல்லை. அக்கரைப் பொருள் ஒன்றுமே இல்லை."

"இல்லையா?" என்றார் அரசர்.

"அதுதான் அரசே சான்று. ஒன்றுகூடக் கிடைக்காத அளவுக்கு மறைக்கத் தெரிந்தவள் வெறும் கருவாட்டுக்காரியாக இருப்பாளா?"

சபை அசந்துபோனது. தலைகள் ஆடின.

வலம்புரி கையை நீட்டினாள். "ஐயா, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை காக்கை விரட்டுவதுதான் என் வேலை. கையைப் பாருங்கள், கோல் பிடித்துக் காய்ப்பு ஏறியிருக்கிறது. நானே வளர்த்தால் நானே ஏன் விரட்டுகிறேன்?"

"விரோதம்போல் காட்டிக்கொள்கிறாய்."

"விரட்டாமல் இருந்திருந்தால்?"

"உறவு என்று சொல்லியிருப்பேன்" என்றார் சாத்தந்தை. பொய் சொல்லும் மனிதர் அல்ல அவர்.

சதிக்குத் தண்டனை துடுப்பில்லாத தோணி. குற்றவாளியைத் தோணியில் உட்கார வைத்து, நீரோட்டம் வெளியே இழுக்கும் நேரம் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது ஒரு பயணம்போலத் தோன்றலாம். வலம்புரி கடற்கரையில் பிறந்தவள். அந்தத் தோணி எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். களத்தில் அவளுடைய இரண்டு சின்னப் பெண்கள், அம்மா வருவாள் என்று கோலை ஓங்கிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

அழுது பயனில்லை என்று கண்டாள். அழுதால் நடிப்பு என்பார்கள், அழாவிட்டால் கல்நெஞ்சு என்பார்கள்.

"அரசே, அவர் மூன்று சான்று சொன்னார். எனக்கும் மூன்று சான்று சொல்ல அனுமதி வேண்டும். காக்கையை மறித்தது யாரென்று நான் சொல்கிறேன்."

"சொல்."

வலம்புரி சாத்தந்தையைக் கை காட்டினாள். "இந்த ஐயாதான்."

சபையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"முதல் சான்று. காக்கை நின்றது அமாவாசையன்று. அதே அமாவாசையன்றுதான் இந்த ஐயா புதுச் சிவப்புத் தலைப்பாகை கட்டிக்கொண்டு சந்தை வழியே போனார். நான் பார்த்தேன், ஊரே பார்த்தது. ஒரே நாள். இது தற்செயலா?"

"அன்று என் பேத்திக்குக் காதுகுத்து!" என்றார் சாத்தந்தை.

"பார்த்தீர்களா, குழந்தைமேல் பழி போடுகிறார். இரண்டாம் சான்று. இதில் யாருக்கு ஆதாயம்? முன்பெல்லாம் ஐயா மாதத்துக்கு ஒரு தடவை அரண்மனைக்கு வருவார், வாசல் காவலர் பேர் கேட்டுத்தான் உள்ளே விடுவார். நேற்று ஒரே நாளில் மூன்று தடவை அரசரே கூப்பிட்டு அனுப்பினார். காக்கை வராதவரைக்கும் ஐயா காட்டில் மழை."

வாசல் காவலர் தலையை ஆட்டினார். பேர் கேட்டது உண்மைதான்.

"மூன்றாம் சான்று. இவர் வீட்டைச் சோதித்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. என்னைப்போல் கருவாட்டுக்காரிக்கே மறைக்கத் தெரியுமென்றால், முப்பது வருஷம் ஒற்றர் தலைவராக இருந்தவருக்குத் தெரியாதா?"

"அரசே, இது அபாண்டம்" என்றார் சாத்தந்தை. முகம் தலைப்பாகை நிறத்துக்கு வந்துவிட்டது.

"கோபப்படுகிறார். குற்றமில்லாதவருக்கு எதற்குக் கோபம்?"

சாத்தந்தை வாயை மூடிக்கொண்டார்.

"இப்போது பேச்சே வரவில்லை" என்றாள் வலம்புரி.

விளையாட்டை இத்தோடு நிறுத்திக்கொண்டு, பார்த்தீர்களா அரசே, இந்தத் தராசில் யாரை வைத்தாலும் இறங்கும் என்று சொல்லத்தான் அவள் நினைத்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் அரசர் எழுந்து நின்றுவிட்டார். சாத்தந்தையின் இடுப்பையே உற்றுப் பார்த்தார்.

"ஒன்பது நாளில் நான் இளைத்தேன். காவலர்கள் இளைத்தார்கள். யானைகூட இளைத்துவிட்டது. சாத்தந்தை, நீர் இளைக்கவில்லை."

சபையிலிருந்த அமைச்சர்கள் அத்தனை பேரும் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஒடுக்கினார்கள்.

"கட்டுங்கள் அவரை" என்றார் அரசர்.

காவலர்கள் கட்டினார்கள். மாணவர்கள் புது ஓலை எடுத்து, தங்கள் ஆசிரியர் செய்த குற்றத்தை எழுத ஆரம்பித்தார்கள்.

வலம்புரி பதறிவிட்டாள். "அரசே, வேண்டாம். நான் சும்மா சொன்னேன். நான் சொன்னதில் ஒன்றும் சான்றே அல்ல."

"பயந்து சொல்கிறாய். இவர் ஆட்கள் உன்னை மிரட்டியிருக்கிறார்கள்."

"யாரும் மிரட்டவில்லை அரசே."

"மிரட்டப்பட்டவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்." அரசர் கொஞ்சம் யோசித்தார். பத்து நாள் பட்டினியில் செய்யக்கூடிய யோசனை எவ்வளவோ அவ்வளவு. "இல்லை. நீ ஏன் இவருக்குப் பரிந்து பேசுகிறாய்? நீங்கள் இரண்டு பேரும் கூட்டு. தோணி பெரிதாக இருக்கட்டும்."

காவலர்கள் வலம்புரியையும் கட்டி, சாத்தந்தையின் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

இப்போதுதான் சாத்தந்தைக்கு மூளை வேலை செய்தது. முப்பது ஆண்டில் அப்படி ஒருநாளும் வேலை செய்ததில்லை என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

"அரசே, கேளுங்கள். ஒரே நாளில் இரண்டு காரியம் நடந்தால் ஒன்று மற்றதைச் செய்தது என்று ஆகிவிடுமா? அந்த அமாவாசையன்று நாட்டில் ஆயிரம் காரியம் நடந்திருக்கும். மாடு கன்று போட்டிருக்கும். எவனோ கிணற்றில் செம்பைப் போட்டிருப்பான். அதெல்லாமா காக்கையை விரட்டியது?"

"எழுதுங்கள்" என்றாள் வலம்புரி மாணவர்களைப் பார்த்து.

"ஆதாயம் வந்தவர் எல்லாம் செய்தவர் ஆவாரா? மழை பெய்தால் ஓலைக்குடை பின்னுகிறவருக்கு ஆதாயம். அவரா மேகத்தை இழுத்து வந்தார்?"

"அதையும் எழுதுங்கள்."

"ஒன்றும் கிடைக்காததே சான்று என்றால் இந்த நாட்டில் குற்றமற்றவர் யார்? உங்கள் வீட்டைச் சோதித்தாலும் ஒன்றும் கிடைக்காது, என் வீட்டைச் சோதித்தாலும் ஒன்றும் கிடைக்காது. ஒன்றும் செய்யாதவனுக்கும் எல்லாவற்றையும் மறைத்தவனுக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விடுமே அரசே."

"அருமையாகச் சொன்னீர்கள் ஐயா" என்றாள் வலம்புரி. "இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்."

சாத்தந்தை அவளைப் பார்த்தார். அவள் கையில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். தம் கையிலிருந்த கயிற்றையும் பார்த்தார். இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு துண்டுகள்.

நரைத்த தாடிக்கார மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, முதல் ஓலையைக் கிழிக்கவா, இரண்டாம் ஓலையைக் கிழிக்கவா?"

"இரண்டையும்" என்றார் சாத்தந்தை மெல்ல.

"ஆனால் மூவர் சொல் ஒத்ததே, ஐயா?"

நல்ல கேள்வி. சாத்தந்தை கட்டிய கையோடு தம் மூன்று ஒற்றர்கள் பக்கம் திரும்பினார். இதுவரை அவர்களிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார். "நீங்கள் இதை எங்கே கேட்டீர்கள்?"

மருந்து விற்பவராகப் போனவர் சொன்னார்: "துறைமுகத்துக் கூழ்க்கடையில். கடைக்கார அம்மாள், 'அரசருக்குப் படை ஐந்நூறு, வலம்புரி களத்தில் காக்கை ஐயாயிரம்' என்று சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வளையல்காரரிடம், 'படை என்றால் பயிற்சி இருக்குமோ' என்றேன்."

வளையல்காரராகப் போனவர் நெளிந்தார். "அது நான்தான். மருந்துக்காரர் விவரம் தெரிந்தவர்போல இருந்தார். 'பயிற்சி என்றால் அக்கரை அரசனுக்காகத்தான் இருக்கும்' என்று நான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அதனால் உறுதியாயிற்று."

"நீர்?" என்றார் சாத்தந்தை மூன்றாமவரிடம்.

ஊமையாகப் போனவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "நான் இவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தேன்."

ஒருவரை ஒருவர் அறியாத மூவர். விதி கொஞ்சமும் பிசகவில்லை. மூன்று வாயும் ஒரே பானையில் மொண்டிருந்தன, அவ்வளவுதான். ஐந்நூறும் ஐயாயிரமும் கூழ்க்கடை அம்மாளின் நையாண்டி. அந்தப் பானையில் அதைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை.

அரசர் களைத்துப்போய் உட்கார்ந்தார். "சரி. சதி இல்லை என்றால் காக்கை ஏன் வரவில்லை?"

"கருவாடு அரசே" என்றாள் வலம்புரி. "பத்து நாளாகக் கரை முழுக்க நெத்திலி. நீங்கள் வைப்பது நெய்ச்சோறு. காக்கைக்கு நோன்பு கிடையாது."

அரசர் அவளையே பார்த்தார். அன்று காலையிலிருந்து அவரும் ஏதோ படித்திருந்தார். "இதுவும் ஒரு சொல்தானே. பொருத்தமாகத்தான் இருக்கிறது. சாத்தந்தை சொன்னதும் பொருத்தமாகத்தான் இருந்தது. இதை எதற்காக நம்ப வேண்டும்?"

"நம்ப வேண்டாம். சோதித்துப் பாருங்கள். நாளை ஒரு நாள் படகு ஒன்றும் கடலுக்குப் போகாமல் நிறுத்துங்கள். வலையெல்லாம் கொண்டுவந்து கரையிலுள்ள களங்கள்மேல் இடைவெளி இல்லாமல் விரியுங்கள். நெத்திலி ஓடுகிற சமயத்தில் வலையைக் கரையில் போட மனம் வராததால்தான் நாங்கள் கோலை வைத்து விரட்டிக்கொண்டிருக்கிறோம். என்னை இங்கேயே ஓர் அறையில் அடைத்து வையுங்கள். பொழுது சாய்வதற்குள் காக்கை உங்கள் மதிலுக்கு வந்தால் நான் சொன்னது சரி. வராவிட்டால் நான் சொன்னது தவறு. தோணி ஏறுகிறேன்."

பிறகு சாத்தந்தையிடம் திரும்பினாள். "இப்போது நீங்கள் சொல்லுங்கள் ஐயா. எது நடந்தால் நீங்கள் சொன்னது தவறு?"

சாத்தந்தை தொண்டையைக் கனைத்தார். "காக்கை வராவிட்டால், அது இவள் கட்டளை. வந்துவிட்டால்..." நிறுத்தினார்.

"வந்துவிட்டால்?"

"அதுவும் இவள் கட்டளை என்று காலையில் சொல்லியிருப்பேன்."

சாத்தந்தை தம் கையிலிருந்த கயிற்றை மறுபடி பார்த்தார்.

"எது நடந்தாலும் நானே சரி என்று வைத்திருந்திருக்கிறேன்" என்றார் அவர். "அப்படியென்றால் நான் எதையுமே சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இவள் அடைபட்டிருக்கும்போதே, களத்தை மூடியதும் காக்கை அரண்மனைக்கு வந்தால், நான் தவறு."

இருபத்தொரு மாணவர்களும் அதை எழுதிக்கொண்டார்கள். ஆசிரியர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர்கள் கேட்டது அதுவே முதல் தடவை. ஒருவர் எழுத்துக்கூட்டிச் சரிபார்த்துக்கொண்டார்.

மறுநாள் படகுகள் கரையில் கிடந்தன. மீனவர்கள் அரசரின் பசியைப்பற்றி அரசர் காதில் விழக்கூடாத சில வார்த்தைகள் சொல்லிக்கொண்டே வலைகளைக் கொண்டுவந்து விரித்தார்கள். காக்கைகள் வலைமேல் வந்து உட்கார்ந்தன. கண்ணி வழியே அலகை விட்டுப் பார்த்தன. வலைக்கும் மீனுக்கும் நடுவே பச்சைப் பனையோலை பரப்பியிருந்தது. எட்டவில்லை. கத்தின.

அரண்மனையில் அரசர் கவளத்தை வைத்து மூன்று முறை அழைத்தார். ஒன்றும் வரவில்லை.

வெயில் ஏறியது. மறுபடி அழைத்தார். ஒரு காக்கை வந்தது. மதிலுக்கு மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டு வடக்கே, அக்கரைப் பக்கம் பறந்துபோனது. அமைச்சர்கள் ஒருவரை ஒருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

பூட்டிய அறைக்குள் வலம்புரி எல்லாவற்றையும் காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். காக்கை வரும் என்று நினைத்தாள். ஆனால் நிச்சயம் தெரியாது. அக்கரையிலும் குப்பைமேடு இருக்கிறது. காக்கைக்குச் சிறகு இருக்கிறது. நிச்சயமாகத் தெரிந்திருந்தால் அதற்குப் பேர் சோதனை இல்லை. மூத்தவளுக்குத் தலை வாரத் தெரியும், சின்னவளுக்கு யார் வாரிவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வெயில் இறங்கத் தொடங்கியபோது அரசர் மூன்றாம் தடவை அழைத்தார். அழைப்பு என்று சொல்ல முடியாது, கெஞ்சல்.

மதில்மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் கவளத்தைப் பார்த்தது. வேறு வழியில்லை என்பதுபோல ஒரு கொத்துக் கொத்தியது. பிறகு இன்னொன்று. பிறகு தலையை நிமிர்த்திக் கரைந்தது. கொஞ்ச நேரத்தில் மதில் கறுத்துப்போனது.

சமையற்காரர் இலையைத் துடைப்பதற்குள் அரசர் உட்கார்ந்துவிட்டார். அரண்மனை முழுதும் உண்டது. வலம்புரியை அறையிலிருந்து விடவேண்டும் என்பது இரண்டாம் சோறு போட்டு ரசத்துக்கு வந்தபோதுதான் அரசருக்கு நினைவு வந்தது.

அவளை அழைத்து வந்தார்கள். கட்டு அவிழ்க்கப்பட்ட சாத்தந்தை முன்னால் வந்து கை கூப்பினார். "தாயே, தவறு என்னுடையது. நீ என்னைத் தோணியில் அனுப்பிவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஏன் என்னைக் காப்பாற்றினாய்?"

"என் பொய்யை நம்பி உங்களைத் தள்ளினால், நாளைக்கு வேறொருத்தி பொய்யை நம்பி என்னைத் தள்ளுவார்கள். தோணி அங்கேயேதான் இருக்கும் ஐயா."

அரசர் அவளை ஒற்றர் பள்ளிக்கு ஆசிரியையாக இருக்கச் சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். நெத்திலி ஓட்டம் இன்னும் ஒரு மாதம் இருந்தது. "ஏற்கெனவே ஒரு நாள் பிழைப்பு போயிற்று. வேண்டுமானால் மாணவர்களை என் களத்துக்கு அனுப்புங்கள். எனக்கும் காக்கை விரட்ட ஆள் வேண்டும்."

அன்றுமுதல் ஆழித்துறையில் ஒற்றர் படிப்பு கருவாட்டுக் களத்தில் தொடங்கியது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோல். மூன்று நாள் காக்கை விரட்ட வேண்டும். மூன்றாம் நாள் மாலையில் சாத்தந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, 'காக்கை இங்கே ஏன் வருகிறது?' என்ற ஒரே கேள்விக்கு விடை எழுதச் சொல்வார்.

முதல் வருஷம் நரைத்த தாடிக்கார மாணவர் மூன்று ஓலை நிறைய எழுதினார். காற்றின் திசை, அக்கரை அரசனின் பேராசை, காக்கைக் கூட்டத்துக்குத் தலைவன் இருப்பதற்கான அறிகுறிகள் எல்லாம் அதில் இருந்தன. சாத்தந்தை வாசித்துவிட்டு வலம்புரியிடம் கொடுத்தார். அவள் அதை மடித்து அடுப்பில் வைத்துவிட்டு, இன்னும் மூன்று நாள் விரட்டச் சொன்னாள். மறுபடி எழுதினார், ஓர் ஓலை. மறுபடி மூன்று நாள்.

ஒன்பதாம் நாள் மாலை, தோளெல்லாம் கடுக்க, தாடியெல்லாம் மீன் நாற்றமடிக்க, அவர் ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தார்: மீன்.

சாத்தந்தை ஓலையைத் திருப்பிக் கொடுத்தார். "இது தவறு என்று எப்போது ஒப்புக்கொள்வீர்?"

"மீன் இல்லாத நாளிலும் காக்கை இப்படியே வந்தால், ஐயா."

"போய்க் குளியும்" என்றார் சாத்தந்தை. தேர்வில் வென்றவருக்கு அந்தப் பள்ளியில் அதுதான் பட்டம்.

ஆகவே கேட்டவர்களே, யார்மேலாவது யாராவது சதி என்று சொல்லக் கேட்டால், எது நடந்தால் அந்தச் சொல் பொய்யாகும் என்று முதலில் கேளுங்கள், ஏனென்றால் எது நடந்தாலும் நானே சரி என்பவர் எதையும் நிரூபிக்கவில்லை.